நிலம் நடுங்கினால் மலை என்ன ஆகும்? குமரி மாவட்டத்தில் சரிவு ஆபத்தைக் கணிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்துக்காரர்களிடம் நிலநடுக்கம் என்று சொன்னால் கடலைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி குளச்சலிலும் மணக்குடியிலும் நடந்ததைப் பார்த்தவர்கள் வேறெங்கே பார்ப்பார்கள்? ஆனால் வடக்கில் களியல், பேச்சிப்பாறை, கீரிப்பாறை, பாலமோர் என்று மலையடிவாரத்தில் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு கேள்வி உண்டு. பக்கத்தில் எங்காவது ஒரு நடுத்தர அதிர்வு வந்தால் தலைக்கு மேலே நிற்கும் சரிவு தாங்குமா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போது பொறியியல் மாணவர்கள், வீடு கட்டுகிறவர்கள், ஊராட்சிக்காரர்கள், சில நேரம் ஆலோசகர்களும் ஒரே மாதிரி இடங்களில் சறுக்குகிறார்கள்.

"பெரிய நிலநடுக்கம் வந்தால்தானே மலை சரியும்"

2004 சுமத்ரா நிலநடுக்கத்தின் அளவு 9.1. அதன் மையம் நமக்குச் சுமார் 2,000 கி.மீ. தொலைவில். அலை வந்தது, உயிர் போனது, மலை அசையவில்லை. சரிவைப் பொறுத்தவரை தூரத்துப் பெரிய அதிர்வைவிட, பக்கத்தில் வரும் சின்ன அதிர்வுதான் கவனிக்க வேண்டியது. எவ்வளவு பெரிய நிலநடுக்கமானாலும் சரிவுகளைக் கிளப்பும் எல்லை சில நூறு கி.மீ.யோடு முடிந்துவிடுகிறது. மறுபக்கம், 40 நிலநடுக்கங்களை அலசி 1984-இல் டேவிட் கீஃபர் வெளியிட்ட ஆய்வின்படி, பாறை உருளவும் மேல்மண் உதிர்ந்து சரியவும் 4.0 அளவே போதும். ஆனால் அது மிக அருகில் இருக்க வேண்டும்.

"நம்ம பக்கம் அப்படியெல்லாம் வந்ததே இல்லையே" என்பார்கள். 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்-பாலக்காடு பகுதியில் வந்த நிலநடுக்கத்தின் அளவு ஏறத்தாழ 6. 2000 டிசம்பர் 12 அன்று கோட்டயம் மாவட்டம் ஈராற்றுப்பேட்டை அருகே 5-ஐ ஒட்டிய அதிர்வு. ஒரு மாதம் முடிவதற்குள், 2001 ஜனவரி 7 அன்று, அதே பகுதியில் இன்னொன்று. எல்லாம் இதே மேற்குத் தொடர்ச்சி மலையையும் அதன் விளிம்பையும் சேர்ந்தவை. மகாராஷ்டிரத்தின் கில்லாரியை யாரும் மறக்கக் கூடாது. அன்றைய வரைபடத்தில் நாட்டிலேயே ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் வைக்கப்பட்டிருந்த ஊர் அது. 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் தரைமட்டமானது. பழைய பாறைத் தட்டுகளின் நடுவில் ஒரு பெரிய அதிர்வுக்கும் அடுத்ததற்கும் நடுவே நூற்றாண்டுகளோ ஆயிரக்கணக்கான ஆண்டுகளோ போகலாம். தாத்தா காலத்து ஞாபகம் இந்தக் கணக்குக்கு எட்டாது.

இதைச் சொல்வதால் நாளைக்கே மலை விழும் என்று பொருளில்லை. குமரியில் நிலநடுக்கத்தால் பெரும் சரிவு வரும் வாய்ப்பு இமயமலையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. குறைவு என்பதை இல்லை என்று வாசிப்பதுதான் தவறு.

மண்டல வரைபடத்தோடு நின்றுவிடுவது

"நாங்க எந்த மண்டலம்?" என்று கேட்டு, பதில் கிடைத்ததும் கோப்பை மூடிவிடுகிறார்கள். 2002-இலும் 2016-இலும் வந்த ஐ.எஸ். 1893 தரநிலை நாட்டை 2 முதல் 5 வரை நான்கு மண்டலங்களாகப் பிரித்தது. கட்டடம் எந்த அளவு விசைக்குத் தாங்க வேண்டும் என்று சொல்வதற்காக வரைந்த படம் அது. உங்கள் தோட்டத்துச் சரிவின் சாய்வோ, அதன் மண்ணோ, ஈரமோ அதில் கிடையாது. அந்தப் படத்தில் கேரளம் முழுவதும் 3-ஆம் மண்டலம். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை சோதனைச்சாவடியில் அதிர்வு நின்று அனுமதிச்சீட்டு காட்டிவிட்டா உள்ளே வரும்?

அந்தத் தரநிலையில் 2-ஆம் மண்டலத்துக்கான எண் 0.10, 3-ஆம் மண்டலத்துக்கு 0.16. வடிவமைப்புக்கு இவற்றில் பாதியை எடுப்பது வழக்கம்: 0.05, 0.08. அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் (அதை 'ஜி' என்போம்) அத்தனை பங்கு. இரண்டு மண்டலத்துக்கும் நடுவே வித்தியாசம் 0.03 ஜி. இந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரத்தைக் கணக்கில் விடுவது

இருக்கிற தவறுகளில் பெரியது இதுதான். மழைச் சரிவு ஒரு துறை, நிலநடுக்கச் சரிவு இன்னொரு துறை என்று பிரித்துவைத்து, அதிர்வுக் கணக்கு போடும்போது சரிவைக் காய்ந்ததாகவே வைத்துக்கொள்கிறார்கள். மண் பரிசோதனை மாதிரியை மார்ச், ஏப்ரலில் எடுத்திருப்பார்கள். பாதை காய்ந்திருக்கும், ஜீப் மேலே ஏறும், அதனால்.

எவ்வளவு வித்தியாசம் வரும் என்று போட்டே பார்ப்போம். 30 பாகை சாய்வு. அதன்மேல் இரண்டரை மீட்டர் கனத்தில் மண். மண்ணின் எடை கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன், உராய்வுக் கோணம் 32 பாகை, ஒட்டுவலிமை 8 கிலோபாஸ்கல். இவை எடுத்துக்காட்டுக்காக வைத்த எண்கள். எந்த ஊரிலும் அளந்தவை இல்லை. நீண்ட சரிவுக்கான எளிய சூத்திரத்தில் போட்டால், மண் காய்ந்திருக்கும்போது பாதுகாப்புக் காரணி (தாங்கும் வலுவைக் கீழே இழுக்கும் விசையால் வகுத்தது; ஒன்றுக்குக் கீழே போனால் சரியும்) 1.44. மண்கனத்தில் பாதிவரை நீர் ஏறினால் 1.14. மூன்றில் இரண்டு பங்கு ஏறினால் 1.05-க்கும் சற்றுக் கீழே. முழுக்க நனைந்தால் 0.85, அதாவது நிலநடுக்கமே வேண்டாம், தானாகவே இறங்கிவிடும்.

இனி அதிர்வைச் சேர்ப்போம். சரிவை ஒரு சாய்பலகையில் இருக்கும் கட்டையாகப் பாவித்து, எந்த முடுக்கத்தில் அது நழுவத் தொடங்கும் என்று கணக்கிடும் முறையை 1965-இல் நேதன் நியூமார்க் தந்தார். பாதுகாப்புக் காரணியிலிருந்து ஒன்றைக் கழித்து, சாய்வின் சைன் மதிப்பால் பெருக்கினால் அந்த எல்லை முடுக்கம் கிடைக்கும். காய்ந்த சரிவுக்கு அது 0.22 ஜி. பாதி நனைந்ததற்கு 0.07. மூன்றில் இரண்டு பங்கு நனைந்ததற்கு வெறும் 0.02.

இப்போது மண்டல எண்களோடு வைத்துப் பாருங்கள். காய்ந்த சரிவை 0.05-உம் அசைக்காது, 0.08-உம் அசைக்காது. மூன்றில் இரண்டு பங்கு நனைந்த சரிவை இரண்டுமே அசைத்துவிடும். 2-ஆ 3-ஆ என்று நாம் அடித்துக்கொள்ளும் வித்தியாசம் 0.03, ஒரே சரிவில் கோடைக்கும் மழைக்கும் நடுவே விழும் வித்தியாசம் 0.20. மண்டலத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவர் ஈரத்தைப் பற்றி ஆறு மணி நேரம் பேச வேண்டும்.

எல்லை தாண்டிய உடனே மலை மொத்தமும் கீழே வந்துவிடும் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லை 0.07, அதிர்வு 0.08 என்றால் நகர்வு மிகச் சொற்பமாகவே இருக்கும். ஒரு விரிசலோடு நிற்கலாம். அந்த விரிசல் வழியாக அடுத்த மழை உள்ளே போவதுதான் பிறகு வரும் கதை.

இது வெறும் காகிதக் கணக்கும் இல்லை. ஜப்பானின் ஹொக்கைடோவில் 2018 செப்டம்பர் 6 அன்று 6.6 அளவு நிலநடுக்கம். எரிமலைச் சாம்பல் மண் போர்த்திய குன்றுகள் ஆயிரக்கணக்கான இடங்களில் உரிந்து இறங்கின. ஜெபி புயல் அந்தப் பக்கத்தைக் கடந்து ஒரு நாள்கூட ஆகியிருக்கவில்லை. 2004 அக்டோபரில் நீகாத்தா பகுதியிலும் இப்படித்தான், டொகாகே புயல் மழை பெய்து ஓய்ந்த சில நாளில் அதிர்ந்தது.

குமரிக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. நமக்கு இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) உண்டு, துலா மழையும் (வடகிழக்குப் பருவமழை) உண்டு. ஜூனில் தொடங்கி டிசம்பர் வரை மேற்கு மலைச்சரிவு சரியாகக் காய்வதே இல்லை. வருடத்தில் ஒருநாள் அதிர்வு வரும் என்று வைத்தால், அந்த நாளில் சரிவு ஈரமாக இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல்.

மழைமானியை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் சானல்கள், அதாவது பாசனக் கால்வாய்கள். பேச்சிப்பாறை, பெருஞ்சாணியில் தண்ணீர் திறந்ததும் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு நெல் போகத்துக்கும் மாதக்கணக்கில் சானல் ஓடுகிறது. தோவாளை சானலோ அனந்தனார் சானலோ குன்றின் இடுப்பைச் சுற்றிப் போகும் இடத்தில், கரைக்குக் கீழ்ப்பக்கத்தைப் பாருங்கள். மழை இல்லாத நாளிலும் புல் பச்சையாக, கால் வைத்தால் சொதசொதவென்று இருக்கும். பொதுவான மழை வரைபடத்தில் அந்த இடம் 'காய்ந்தது' என்றுதான் வரும்.

மழைச்சரிவு வரைபடத்தை அப்படியே எடுத்துப் பயன்படுத்துவது

இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 1:50,000 அளவில் தயாரித்த நிலச்சரிவு வாய்ப்பு வரைபடங்கள் நல்லவை, தேவையானவை. ஆனால் அவை எதைச் சொல்கின்றன என்று தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். நம் நாட்டில் வெகுகாலமாகப் புழங்கும் ஐ.எஸ். 14496 முறையில் (1998) பாறை வகை, பாறை அமைப்பு, சாய்வு, உயர வேறுபாடு, நிலப்பயன்பாடு, நிலத்தடி நீர்நிலை என்று ஆறு காரணிகளுக்கு மொத்தம் 10 மதிப்பெண். மழையும் நிலநடுக்கமும் வெளித்தூண்டல்கள் என்று அந்தப் பத்துக்கு வெளியே நிற்கின்றன. அந்தப் படத்தில் 'குறைந்த ஆபத்து' என்று பச்சை அடித்திருந்தால், அது நிலநடுக்கத்தைக் கேட்டுச் சொன்ன பதில் கிடையாது.

இடமும் மாறும். மழைச் சரிவு பெரும்பாலும் தண்ணீர் கூடும் குழிவான பள்ளங்களில், ஓடைத் தலைப்பில் தொடங்குகிறது. அதிர்வு முகட்டைப் பிடிக்கும். மலை முகட்டில் நில அலை பெருகும் என்பதால், கூர்மையான முகடுகளுக்கு 1.2 முதல் 1.4 வரை பெருக்கச் சொல்கிறது ஐரோப்பியத் தரநிலை. மருந்துவாழ்மலையிலும் வேளிமலையிலும் முகட்டோரம் உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றியிருந்த மண் காலங்காலமாகக் கரைந்துபோக, நடுக்கல் மட்டும் மிஞ்சியவை. அவை உருள மழை வேண்டியதில்லை. மேலே சொன்ன ஈரக் கணக்கும் இவற்றுக்குப் பொருந்தாது. கல் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது, அடியில் எவ்வளவு தொடுகிறது, உருண்டால் எந்தப் பக்கம் வரும் என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

செயற்கைக்கோள் படத்தில் தெரியாத வெட்டு

இலவசமாகக் கிடைக்கும் உயரப் படங்களில் ஒரு கட்டம் 30 மீட்டர். ஐந்து சென்ட் நிலத்தில் வீடு கட்டுவதற்காகப் பின்பக்கம் ஐந்து மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டிய மண்சுவர் அந்தக் கட்டத்துக்குள் காணாமல் போய்விடும். கணினி அந்த இடத்தை 12 பாகைச் சாய்வு என்று சொல்லும். வீட்டுக்காரர் அடுக்களை ஜன்னலைத் திறந்தால் 85 பாகை.

விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் மலை என்று சொல்ல முடியாத மேட்டு நிலங்கள்தான் அதிகம். "இங்கே மலையே இல்லையே, எங்கே சரிய?" என்ற பேச்சு வருவது இதனால்தான். 2021 நவம்பர் மழையில் நாகர்கோவில்-திருவனந்தபுரம் ரயில்பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றதே, அது எந்த மலை? மேட்டை வெட்டிப் பாதை போட்ட இடத்துச் சுவர்.

வெட்டுக்கல் பூமியில் இந்த ஏமாற்றம் கூடுதல். மேலே இரண்டு மூன்று மீட்டர் கடினமான செம்பாறை. வெட்டினால் செங்குத்தாக நிற்கும், பத்து வருடமானாலும் நிற்கும். அதைப் பார்த்து, பூச்சும் தடுப்புச் சுவரும் எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். அதற்கும் கீழே வெட்டும்போது வெள்ளையும் இளஞ்சிவப்புமாக வழவழப்பான களி வருகிறதா என்று பாருங்கள். வந்தால், கடினமான மேல்தட்டு மெத்தையான அடித்தட்டின்மேல் நிற்கிறது என்று அர்த்தம். தண்ணீர் மேல்தட்டின் துளைகள் வழியே இறங்கி, களியைத் தொட்டதும் பக்கவாட்டில் கசியும். இரண்டு தட்டும் சேருமிடத்தில் துருக்கறை கோடு இழுத்ததுபோல் இருந்தால் அதுதான் கசிவு. சுவரின் தலைப்பில், விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி, விளிம்புக்கு இணையாக ஒரு விரிசல் ஓடினால் அந்தப் பாளம் ஏற்கெனவே பிரிந்துவிட்டது. ஒரு தள்ளலுக்குக் காத்திருக்கிறது. தடுப்புச் சுவர் இருக்கிறவர்களும் அதில் தண்ணீர் வடிய விட்ட குழாய்களுக்குள் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் மண் அடைத்திருக்கும். சுவர் வயிறு தள்ளியிருந்தால் காரணம் பின்னால் நிற்கும் தண்ணீர்.

ரப்பர் இருந்தால் மண் பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. வேர் மேல்மண்ணைப் பிடிக்கும், உண்மை. வழுக்கும் தளம் வேருக்கும் கீழே இருந்தால் மரத்தோடு சேர்ந்தே இறங்கும். மரம் நட வெட்டிய படித்தட்டுகளில் மழைநீர் தேங்கி உள்ளே இறங்குவதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

சரிவு தொடங்கும் இடத்தை மட்டும் பார்ப்பது

என் வீட்டுக்கு மேலே சரிவில்லை, அதனால் கவலையில்லை என்பவர்களுக்கு வயநாட்டைத்தான் காட்ட வேண்டும். 2024 ஜூலை 30 அன்று மண்ணும் பாறையும் சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் கிளம்பி, ஏறத்தாழ 8 கி.மீ. ஓடின. முண்டக்கையிலும் சூரல்மலையிலும் இருந்தவர்களில் பலர் அந்தத் தொடக்கப் புள்ளியைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். அது மழையால் வந்தது. ஆனால் அதிர்வால் சரியும் ஈர மண்ணும் ஓடைக்குள் விழுந்துவிட்டால் இதே பாதையில்தான் போகும். ஆகவே கோதையாற்றிலோ பரளியாற்றிலோ சேரும் ஓடையின் கரையில் வீடு இருந்தால், மதிப்பீடு அந்த ஓடையின் தலைப்புவரை போயாக வேண்டும்.

வயநாட்டிலிருந்தே இன்னொரு பாடம். ஆகஸ்ட் 9 அன்று அங்கே பல ஊர்களில் பூமிக்கடியில் முழக்கமும் நடுக்கமும் கேட்டதாக மக்கள் வெளியே ஓடிவந்தார்கள். நிலநடுக்கம் எதுவும் பதிவாகவில்லை என்றது தேசிய நிலநடுக்கவியல் மையம். குவாரி வெடி, உள்ளே பாறை நகர்வது, இடி எல்லாமே நடுக்கம்போல் கேட்கும். கேட்ட நேரத்தைக் குறித்துவைத்து, மையத்தின் பதிவோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் பட்டியலில் சேர்க்க வேண்டும். பதிவாகவில்லை என்பதற்காகச் சத்தத்தை ஒதுக்கிவிடுவதும் சரியில்லை. சத்தம் சரிவிலிருந்தே வந்திருக்கலாம்.

ஆபத்து என்றால் சரிவு மட்டும் என்று நினைப்பது

ஆளில்லாத முத்துக்குழிவயல் காட்டில் மலை இடிந்தால் அது புவியியல் செய்தி. அதே அளவு மண் ஒரு தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டின் மேல் விழுந்தால் அது பேரிடர். 2011 கணக்கெடுப்பில் குமரியின் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். வீடுகள் எங்கே என்பதைக் குறிப்பதோடு மதிப்பீட்டை முடித்துவிடுகிறார்கள். ஆட்கள் எந்த நேரத்தில் எங்கே இருக்கிறார்கள் என்பதும் வேண்டும். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியுமுன்னே சரிவில் நிற்பார்கள். அதிகாலை ஐந்து மணிக்கு எல்லோரும் வீட்டுக்குள் என்று வைத்துப் போட்ட கணக்கு தோட்டப் பகுதிக்குப் பொருந்தாது.

பேச்சிப்பாறை அணையின் மறுகரையில் உள்ள காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகள் சிலவற்றுக்குப் படகில்தான் போக வேண்டும். மற்ற மலைக் குடியிருப்புகளுக்கு ஒரே பாதை. அந்தப் பாதையில் நாலு லாரி மண் விழுந்தால் ஊருக்குள் ஒருவருக்கும் காயமில்லாமலே ஆம்புலன்ஸ் நின்றுபோகும். வீட்டைவிடப் பாதையின் சரிவுகளை முதலில் பார்க்க வேண்டிய ஊர்கள் இவை.

கணக்கின் துல்லியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அறிக்கைகளில் எல்லை முடுக்கம் 0.0713 என்று நாலு தசமம் வரை போட்டிருப்பதைப் பார்க்கலாம். மேலே பார்த்த பாதி நனைந்த சரிவுக்கு ஒட்டுவலிமையை 8-க்குப் பதில் 6 என்று வைத்தால் அது 0.03-க்கு இறங்கிவிடும். ஒரு எண்ணைத் தருவதைவிட, 'இதிலிருந்து இதுவரை' என்று வீச்சைத் தந்து, எந்த ஈர நிலைக்கு என்றும் எழுதுகிற அறிக்கையை நம்பலாம்.

அதிர்வு நின்றதும் மதிப்பீடு முடிந்ததாக நினைப்பது

சீனாவின் வென்சுவானில் 2008 மே 12 அன்று நிலநடுக்கம். தளர்ந்த மண் மலைமேலேயே தங்கிவிட்டது. இரண்டு வருடம் கழித்து, 2010 ஆகஸ்ட் மழையில் அது பெரும் மண்வெள்ளமாக இறங்கியது. ஆகவே நம் பக்கம் சின்ன அதிர்வு உணரப்பட்டாலும், அடுத்த பெரிய மழைக்கு முன் ஒருமுறை சரிவைச் சுற்றிப் பார்த்துவிடுவது நல்லது. முகட்டோரம் புது விரிசல், சாய்ந்த மின்கம்பம், திடீரென்று இறுகிப்போன கதவு, இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று, கலங்கிய கிணற்று நீர். விரிசலின் இரண்டு பக்கமும் ஒரு குச்சி அடித்து, நடுவே உள்ள தூரத்தை அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். கூடுகிறதா என்பதை டேப் சொல்லிவிடும். விரிசலுக்குள் தண்ணீர் போகாதபடி களிமண்ணால் மூடி, மேலே தார்ப்பாய் விரிக்கலாம். சிமென்ட் பூசி மறைத்துவிட்டால் அது மேலும் விரிவது தெரியாமல் போகும்.

மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஓடையில் தண்ணீர் சட்டென்று குறைந்தால், வெள்ளம் வடிகிறது என்று பார்க்க இறங்காதீர்கள். மேலே எங்கோ மண் விழுந்து ஓடையை அடைத்திருக்கலாம். அந்த அடைப்பு உடையும்போது தேங்கியதெல்லாம் ஒன்றாக வரும். கரையிலிருந்து மேட்டுக்கு ஏறிவிட்டு, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணுக்குச் சொல்லுங்கள். எந்த ஓடை, எத்தனை மணிக்குக் குறைந்தது என்ற இரண்டு தகவலும் அவர்களுக்கு வேண்டும்.